தரங்கம்பாடிக்குப் போய் வந்தோம்

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் உறுப்பினர் ஒருவர் பேசியது. பேசியதை அவரே எழுதித் தந்திருக்கிறார்.)



எனக்கு மேடையில பேசிப் பழக்கம் இல்லை. பத்தாவது வரைக்கும்தான் படிச்சேன். எங்க குழுவுல தீர்மானப் புத்தகம் எழுதுறது நான்தான். அந்தத் தைரியத்துல வந்து நிக்கிறேன். தப்பு இருந்தா பொறுத்துக்கோங்க.

என்னைப் பேசச் சொன்னது எங்க குழு சுற்றுலா போய் வந்ததைப் பத்தி. ஆனா போன மாசக் கூட்டத்துல ஒரு அக்கா எந்திரிச்சு, "ஊர் சுத்தப் போன காசுல ரெண்டு பேருக்கு உள்கடன் குடுத்திருக்கலாமே"ன்னு கேட்டாங்க. நியாயமான கேள்விதான். நானும் முதல்ல அப்படித்தான் நினைச்சேன். அதனால எங்கே போனோம், என்ன பார்த்தோம், எவ்வளவு ஆச்சுன்னு எல்லாத்தையும் சொல்லிடுறேன். அப்புறம் நீங்களே முடிவு பண்ணுங்க.

இதுக்கெல்லாம் காரணம் ஒரு பெரியம்மா. மூணாவது வரிசையில முந்தானையை வாயில வெச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்காங்க பாருங்க, அவங்கதான். பேர் சொல்லக் கூடாதுன்னு சொல்லிட்டாங்க. முப்பது வருஷம் பனியன் கம்பெனி. கைமடிக்கிறதுல ஆரம்பிச்சு, பிசிர் வெட்டி, செக்கிங் பார்த்து, இப்ப கண்ணு தெரியலைன்னு வீட்டுல இருக்காங்க. 2011ல சாயப்பட்டறையெல்லாம் மூடினப்ப கம்பெனிக்கு மாசக்கணக்குல வேலையில்லை. அந்த வருஷம் கூட ஒரு வாரம் சந்தா நிறுத்தாதவங்க.

மூணு வருஷத்துக்கு முன்னால எங்க குழு ஒரு டிராவல்ஸ் வண்டியில சுற்றுலா போச்சு. ஒரே நாள்ல நாலு கோயில், சாயந்தரம் வேளாங்கண்ணி பீச். நோட்டீஸ்ல அப்படித்தான் போட்டிருந்தது. ஆனா வண்டியிலேயே பாதி நாள் போயிடுச்சு. கோயில் வாசல்ல இறங்கினா, "இருபது நிமிஷம்தாங்க"ன்னு டிரைவர் ஹாரன் அடிக்கிறார். கடைசியில வேளாங்கண்ணிக்குப் போனப்ப இருட்டிப் போச்சு. அன்னைக்கு லீவு நாள் வேற, பீச்சுல எள்ளு போட்டா எள்ளு விழாத கூட்டம். அந்த ஊர் மேல குறை சொல்லலைங்க. ஆயிரக்கணக்கான பேர் வேண்டிக்கிட்டு வர்ற இடம், கூட்டம் இருக்கத்தான் செய்யும். அந்தக் கூட்டத்துல பெரியம்மாவைத் தொலைச்சுட்டோம். ஒரு மணி நேரம் தேடி, பொரி விக்கிற வண்டி பக்கத்துல கண்டுபிடிச்சோம். வண்டியில ஏறினதும் யாரோ, "கடல் எப்படிங் பெரியம்மா இருந்துச்சு?"ன்னு கேட்டாங்க. அவங்களுக்குக் கடலைப் பார்க்கிறது அதுதான் முதல் தடவை.

"எங்க கண்ணு பார்த்தேன்? கூட்டத்தைத்தான் பார்த்தேன். சத்தம் மட்டும் கேட்டுச்சு"ன்னாங்க.

எல்லாரும் சிரிச்சோம். நானும் சிரிச்சேன். வீட்டுக்கு வந்து படுத்தா தூக்கம் வரலை.

அடுத்த கூட்டத்துல தீர்மானம் போட்டோம். வாரம் ஆளுக்கு 20 ரூபாய், சந்தாவோட சேர்க்காம தனியா. ரெண்டு வருஷம் சேர்த்து, நாமளே வண்டி பிடிச்சு, நாமளே இடம் பார்த்து, கூட்டம் இல்லாத கடலுக்குப் போறதுன்னு. எந்தக் கடல்னுதான் தெரியலை. எங்க வீட்டுக்காரர், "கடல்ல என்ன இருக்கு, தண்ணிதானே"ன்னார். கூட்டமில்லாத கடற்கரை எங்கே இருக்குதுன்னு அவருக்கும் தெரியாது.

என் பொண்ணோட சமூக அறிவியல் புத்தகத்துலதான் அந்தப் பேரைப் பார்த்தேன். போர்த்துகீசியர், டச்சுக்காரர், ஆங்கிலேயர், பிரெஞ்சுக்காரர்னு பாடம் வரும் இல்லைங்களா? அதுல டேனியர்னு ஒரு பத்தி. டென்மார்க் நாட்டுக்காரங்க வந்து இறங்கின ஊர் தரங்கம்பாடி. நான் படிச்சப்பவும் அது இருந்துச்சு. ஒரு மார்க் கேள்விக்கு மனப்பாடம் பண்ணினதோட சரி. மேப்பை எடுத்துப் பார்த்தா, நம்ம திருக்கடையூருக்குப் பக்கம்! நம்ம பக்கத்துல அறுபதாங் கல்யாணத்துக்குத் திருக்கடையூர் போகாத குடும்பம் உண்டுங்களா? ஒறம்பரை எல்லாம் வேன் கட்டிப் போறோம், மாலை மாத்துறோம், சாப்பிடுறோம், திரும்பிடுறோம். அங்கிருந்து ஏழெட்டு கிலோமீட்டர்ல கடல். நானே ரெண்டு தடவை போயிருக்கேன். யாரும் சொல்லலை, எனக்கும் தெரியலை.

தெற்கே போனா காரைக்கால் பீச், அதுக்கும் தெற்கே நாகூர், வேளாங்கண்ணி. வடக்கே பூம்புகார். எல்லாக் கூட்டமும் இந்த ஊரைத் தாண்டித்தான் போகுது, வருது. நடுவுல இது சத்தமில்லாம இருக்கு.

போன தை மாசம், வெள்ளிக்கிழமை ராத்திரி பத்து மணிக்குக் கிளம்பினோம். குழுவுல பதினாறு பேர். ரெண்டு பேருக்கு வீட்டுல விடலை. அவங்க காசைத் திருப்பிக் குடுத்துட்டோம். அந்த ரெண்டு பேரும் விடியவிடிய முழிச்சிருந்து எங்களுக்குக் கட்டுச்சோறு கட்டிக் குடுத்து வழியனுப்பினாங்க. அதை இங்கே சொல்லாம விட முடியாது. காங்கேயம், கரூர், திருச்சி, தஞ்சாவூர், கும்பகோணம், மாயவரம்னு விடிகாலையில திருக்கடையூர். லாட்ஜுல குளிச்சு, அபிராமி அம்மனைக் கும்பிட்டுட்டு, ஒன்பது மணிக்கெல்லாம் தரங்கம்பாடி.

ஊருக்குள்ள நுழையுறப்பவே ஒரு பெரிய வெள்ளை வாசல். கோட்டை வாசல் மாதிரி, மரக்கதவோட. 1792ல டேனியர் கட்டினதுன்னு போட்டிருக்காங்க. அந்த வாசல் வழியாத்தான் இன்னைக்கும் பைக் போகுது, பால்காரர் போறார். உள்ளே ராஜ வீதி. ரெண்டு பக்கமும் பழைய பங்களா, ஓட்டு வீடு, சர்ச், பள்ளிக்கூடம். தெரு கடைசியில நீலமா ஒரு கோடு தெரிஞ்சுது. பெரியம்மா என் கையைப் பிடிச்சுக்கிட்டு, "அதுவா?"ன்னாங்க. அதுதான்னேன். அப்புறம் அவங்க இடது பக்கம் வலது பக்கம் எதையும் பார்க்கலை. நேரா நடந்தாங்க.

முதல்ல கோட்டையைச் சொல்லிடுறேன். டேனிஷ் கோட்டைன்னு கேட்டா யாரும் வழி காட்டுவாங்க. டேன்ஸ்பர்க்னு பேர். 1620ல, தஞ்சாவூரை ஆண்ட ரகுநாத நாயக்கர்கிட்ட அனுமதி வாங்கி, டென்மார்க் ராஜா நாலாம் கிறிஸ்டியன் அனுப்பின கப்பல் தளபதி ஓவே கெட் கட்டினது. நாயக்கர் அந்த ராஜாவுக்குத் தங்கத்துல ஓலை மாதிரி செஞ்சு, தமிழ்ல கடிதம் எழுதி அனுப்பியிருக்கார். அது இன்னைக்கும் டென்மார்க்குல ஆவணக் காப்பகத்துல பத்திரமா இருக்கு. வருஷத்துக்கு 3,111 ரூபாய் குத்தகைன்னு பேச்சு. நம்ம நிலத்தைக் குத்தகைக்கு விடுறப்ப ஸ்டாம்ப் பேப்பர்ல எழுதுறோம் பாருங்க, அவங்க தங்கத்துல எழுதினாங்க.

கோட்டை ரெண்டு அடுக்கு. கீழே சரக்கு வெக்கிற அறை, சமையல், சிறை. மேலே கவர்னரும் பாதிரியாரும் இருந்த அறைகள், இப்ப அருங்காட்சியகம். பழைய பத்திரம், காசு, பீங்கான், விளக்கு எல்லாம் கண்ணாடிக்குள்ள வெச்சிருக்காங்க. டிக்கெட் சின்னத் தொகைதான். வெள்ளிக்கிழமை பூட்டியிருக்கும், பார்த்துப் போங்க. கூரை வளைஞ்சு வளைஞ்சு ஒட்டகத் திமில் மாதிரி இருக்கு. கீழ் அறைக்குள்ள போனா வெயிலே தெரியலை, குளுகுளுன்னு இருக்கு. அங்கே ஒரு அறையில நாங்க நின்னப்ப, விவரம் சொல்றவர், "இங்கேதான் மிளகும் துணியும் அடுக்கி வெச்சிருந்தாங்க"ன்னார்.

துணின்னு சொன்னதும் பதினாலு பேரும் திரும்பிப் பார்த்தோம்.

அந்தக் காலத்துல அவங்க கப்பல் ஓட்டி வந்ததுக்கு மிளகு, கிராம்பு மட்டும் காரணம் இல்லைங்க. நம்ம சோழ மண்டலக் கரையில நெஞ்ச பருத்தித் துணியை வாங்கிக் கப்பல்ல ஏத்தி, கிழக்கே இருக்கிற தீவுகளுக்குக் கொண்டுபோய்க் குடுத்துத்தான் வாசனைப் பொருள் வாங்கினாங்க. அப்புறம் துணியே ஐரோப்பாவுக்கும் போச்சு. 400 வருஷத்துக்கு முன்னால நம்ம துணி அந்த அறையில அடுக்கிக் கிடந்திருக்கு. ஐரோப்பா ஆர்டர்னு நம்ம ஊர்ல பெட்டி அடுக்குறோமே, தூத்துக்குடிக்கு லாரி போகுதே, அதுக்கெல்லாம் ஒரு பாட்டன் வீடு அது. எங்களோட வந்த ஒரு தங்கச்சி பேக்கிங்ல வேலை செய்யுது. அது சுவத்தைத் தொட்டுப் பார்த்துட்டு, "இங்கயும் டேமேஜ் பீஸ் எடுத்து வெச்சிருப்பாங்களாக்கா?"ன்னு கேட்டுச்சு. இருந்திருக்கும். பார்த்துப் பொறுக்கினவ பேரு எந்தக் கண்ணாடிப் பெட்டியிலயும் இல்லை. ராஜா பேரு இருக்கு, தளபதி பேரு இருக்கு, துணி நெஞ்சவங்க பேரு ஒண்ணு கூட நான் பார்க்கலை.

இன்னொண்ணும் கேளுங்க. இவ்வளவு பெரிய துறைமுகம் ஏன் இப்படி அமைதியாப் போச்சு? 1845ல டேனியர் இந்த ஊரையும், வங்காளத்துல செராம்பூரையும் சேர்த்து பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயர்கிட்ட வித்துட்டுப் போயிட்டாங்க. அப்புறம் நாகப்பட்டினத்துக்கு ரயில் வந்துச்சு. கப்பல் வியாபாரமெல்லாம் அங்கே போயிடுச்சு. அவ்வளவுதான். ஆர்டர் பங்களாதேஷுக்குப் போகுது, வியட்நாமுக்குப் போகுதுன்னு நம்ம ஊர்ல டீக்கடையில பேசுறாங்களே, அது இந்த ஊருக்கு நடந்து முடிஞ்சு 150 வருஷம் ஆச்சு. கோட்டைச் சுவர் மேல நின்னு அதை நினைச்சப்ப எனக்கு அடிவயித்துல ஒரு மாதிரி ஆச்சுங்க. சரி, அதை விடுங்க.

கோட்டைக்கு வடக்கே, கரையை ஒட்டி மாசிலாமணி நாதர் கோயில். 1306ல மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்துல கட்டினது. சடங்கன்பாடின்னு அந்தக் காலத்துப் பேர் அந்தக் கோயில் கல்வெட்டுல இருக்கு. கட்டினப்ப கடல் தூரத்துல இருந்திருக்கும். வருஷா வருஷம் கரையை அரிச்சு அரிச்சு, கோயிலோட முன்பக்கத்தைக் கடல் எடுத்துக்கிச்சு. இப்ப பெரிய பெரிய பாறாங்கல்லைக் கரையில கொட்டித் தடுத்து, கோயிலைத் திருப்பணி செஞ்சிருக்காங்க. சாமி கும்பிட்டுட்டு திரும்பினா அலை அடிக்குது. எங்க ஊர்ல மாரியம்மன் கோயிலுக்கு முன்னால வேப்ப மரம் இருக்கிற தூரம்தான்.

சர்ச்சுகளையும் பார்த்தோம். சீயோன் ஆலயம் 1701ல கட்டினது. எதிரே புதிய எருசலேம் ஆலயம், 1718. இந்த ரெண்டாவதைக் கட்டினவர் சீகன்பால்கு. அவரைப் பத்தி நாலு வார்த்தை சொல்லணும். மதத்துக்காகச் சொல்லலை, நாங்க எல்லாரும் வேற சாமி கும்பிடுறவங்கதான். ஜெர்மன்காரர். 1706ல, 23 வயசுல, இந்தக் கரையில வந்து இறங்கினார். தமிழ் ஒரு எழுத்து தெரியாது. திண்ணைப் பள்ளிக்கூடத்துல சின்னப் பிள்ளைங்களோட உட்கார்ந்து மணல்ல விரலால எழுதிப் பழகினார்னு சொல்றாங்க. அடுத்த வருஷமே, 1707ல, பொண்ணுங்களுக்குன்னு ஒரு பள்ளிக்கூடம் ஆரம்பிச்சார். அந்த வருஷத்தைக் கொஞ்சம் நினைச்சுப் பாருங்க. 1707. நான் பத்தாவது முடிச்சப்ப, "பொட்டப்புள்ளைக்கு இதுக்கு மேல எதுக்கு, கம்பெனிக்கு அனுப்பு"ன்னு எங்க வீட்டுல சொன்னது இந்த நூற்றாண்டுல.

அவரையும் சும்மா விடலை. டேனிஷ் கவர்னருக்கும் அவருக்கும் ஒத்துப் போகாம, நாலு மாசம் அதே கோட்டையில பூட்டி வெச்சாங்க. வெளியே வந்து அச்சு இயந்திரம் வரவழைச்சார். 1713ல ஜெர்மனியில இருந்து தமிழ் எழுத்து அச்சு வந்துச்சு. அது பெரிசா இருந்ததால காகிதம் நிறையச் செலவாச்சு. சின்ன எழுத்து வார்க்க ஈயம் வேணுமே, வெளிநாட்டுல இருந்து பாலாடைக்கட்டி வந்த டப்பாவோட ஈயத்தை உருக்கி எழுத்து வார்த்தாங்கன்னு ஒரு கதை. இதைக் கேட்டதும் எங்க கூட்டத்துல எல்லாருக்கும் அவரை ரொம்பப் பிடிச்சுப் போச்சு. டப்பாவைத் தூக்கிப் போடாத ஆளு! பக்கத்துல பொறையாறுல காகிதம் செய்யப் பட்டறை போட்டாங்க. அந்த இடத்துக்குக் கடுதாசிப்பட்டறைன்னே பேர். அவர் இருந்த வீட்டை இப்ப அருங்காட்சியகமா வெச்சிருக்காங்க. 1719ல இறந்தப்ப அவருக்கு 36 வயசு. சமாதி அந்த எருசலேம் சர்ச்சுக்குள்ளதான். எனக்கு இந்த ஆவணி வந்தா 36.

இனி கடல்.

சனிக்கிழமை சாயந்தரம் நாலு மணிக்குக் கோட்டை முன்னால இருக்கிற கரையில போய் உட்கார்ந்தோம். பெரிய கூட்டம் இல்லை. உள்ளூர்ப் பசங்க பந்து விளையாடுறாங்க, ரெண்டு மூணு குடும்பம், ஒரு சுண்டல்காரர். அந்த ஊர்க் காத்துல ஓசோன் அதிகம்னு எல்லாரும் சொல்றாங்க. எனக்கு அதெல்லாம் தெரியாது. உப்புக் காத்து, பிசுபிசுன்னு இருந்துச்சு. ஆனா பஞ்சுத் தூசி இல்லாத காத்து. செக்கிங்ல வேலை செய்ற அக்கா ஒருத்தி எந்நேரமும் இருமுவா. அவ அன்னைக்கு இருமினாளான்னு எனக்கு ஞாபகமே இல்லை.

பெரியம்மா மணல்ல காலை நீட்டி உட்கார்ந்தாங்க. யாரும் ஹாரன் அடிக்கலை. நேரம் ஆச்சுன்னு யாரும் சொல்லலை. அஞ்சு மணி, ஆறு மணி, இருட்டிப் போச்சு. ரெண்டு மணி நேரத்துக்கு மேல ஒரு வார்த்தை பேசலைங்க. நான் பயந்துட்டேன். உடம்புக்கு ஏதாவது ஆச்சான்னு பக்கத்துல போய், "என்னங் பெரியம்மா, என்ன பண்றீங்க?"ன்னேன்.

"ஒண்ணும் பண்ணலை கண்ணு"ன்னாங்க. "ஒண்ணும் பண்ணாம இருக்கறேன்."

ஞாயிற்றுக்கிழமை விடியறதுக்கு முன்னாலயே மறுபடி வண்டியைக் கட்டிக்கிட்டு வந்துட்டோம். கிழக்குக் கடல் ஆச்சே, சூரியன் தண்ணிக்குள்ள இருந்துதான் எந்திரிக்குது. அதை எனக்குச் சொல்லத் தெரியலை. போய்ப் பாருங்க.

கொஞ்ச நேரத்துல ஒரு மீனவ அக்கா அன்னக்கூடையோட அந்தப் பக்கம் வந்தாங்க. படகு வந்தா ஏலம் எடுத்து, தலைச்சுமையா ஊருக்குள்ள விக்கப் போறவங்க. எங்களைப் பார்த்துட்டு, "எங்கேந்து வர்றீங்க எல்லாரும்?"ன்னாங்க. திருப்பூர்னோம். "பனியன் ஊரா! எங்க வீட்டு ஆம்பளைங்க போடுறதெல்லாம் உங்க ஊர் பனியன்தானே"ன்னு சிரிச்சாங்க. அவங்களும் ஒரு குழுவுல உறுப்பினராம். அப்புறம் கேக்கணுமா, சந்தா எவ்வளவு, உள்கடனுக்கு வட்டி எவ்வளவு, பேங்க்ல எத்தனை தடவை நடக்க விட்டாங்கன்னு ஒரே பேச்சு. வட்டிக்கு மீன் எடுக்கிற கஷ்டம் தீர்ந்ததே குழு வந்த பிறகுதான்னாங்க. காலையில 1,000 ரூபாய் வாங்கினா சாயந்தரம் 100 ரூபாய் வட்டியோட திருப்பணுமாம் முன்னெல்லாம்.

எங்க கூட்டத்துல ஒரு விவரமில்லாத ஆளு, வேற யாரு, நான்தான், "தினமும் இந்தக் கடலைப் பார்த்துக்கிட்டே இருக்கலாம், குடுத்து வெச்சவங்க நீங்க"ன்னு சொல்லிட்டேன்.

அவங்க கூடையை இறக்கி வெச்சாங்க. "நாங்க யாரும் கடலைப் பார்க்கன்னு உக்கார மாட்டோம்மா"ன்னாங்க. 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. இதே மாதிரி காலை நேரம். அவங்க கரையில மீன் பிரிச்சுக்கிட்டு இருந்தப்பத்தான் தண்ணி வந்துச்சு. ஓடிப்போய் ஒரு வீட்டு மாடியில ஏறித் தப்பிச்சிருக்காங்க. மாமியாரும் சின்னப் பையனும் தப்பலை. அந்தச் சுனாமியில அப்போதைய நாகப்பட்டினம் மாவட்டத்துல மட்டும் ஆறாயிரம் பேருக்கு மேல செத்துப் போனாங்க. தரங்கம்பாடி அப்ப அந்த மாவட்டத்துலதான் இருந்துச்சு. மயிலாடுதுறை தனி மாவட்டம் ஆனது 2020லதான். அப்புறம் கரையில இருந்து தள்ளி உள்ளே வீடு கட்டிக் குடுத்தாங்க. "வீடு தள்ளிப் போச்சு, பொழப்பு இங்கதானே இருக்கு, தினம் வர்றேன்"ன்னாங்க.

எங்க யாருக்கும் வாயில வார்த்தை வரலை. பெரியம்மாதான் நகர்ந்து, மணல்ல இடம் விட்டு, "செத்த உக்காரு கண்ணு"ன்னாங்க. முதல்ல வேண்டாம்னாங்க அந்த அக்கா. அப்புறம் உட்கார்ந்தாங்க. ரெண்டு பேரும் பக்கத்துல பக்கத்துல, கடலைப் பார்த்துக்கிட்டு. ஒரு பத்து நிமிஷம் இருக்கும். படகு தெரிஞ்சதும் எந்திரிச்சு, சேலையைத் தட்டிக்கிட்டு, கூடையை எடுத்துக்கிட்டுப் போயிட்டாங்க. போறப்ப, "அடுத்த தடவை வந்தா வீட்டுக்கு வாங்க, சங்கரா மீன் குழம்பு வெச்சுத் தர்றேன்"னு சொல்லிட்டுப் போனாங்க.

பார்த்தது இவ்வளவுதான். அங்கிருந்து பூம்புகார் போய், சிலப்பதிகாரக் கலைக்கூடம் பார்த்தோம். ஏழு நிலை மாடம். கண்ணகி கதையைச் சுவரெல்லாம் கல்லுல செதுக்கி வெச்சிருக்காங்க. காரைக்காலுக்கு நேரம் இல்லை. சின்னப் பிள்ளைங்களைக் கூட்டிட்டுப் போறவங்க காரைக்கால் பீச்சுக்குப் போகலாம், பூங்கா, நடைபாதை எல்லாம் இருக்கு.

போறவங்களுக்குச் சில விஷயம். தரங்கம்பாடியில கடல்ல இறங்கிக் குளிக்கிற ஆசையை விட்டுடுங்க. கரை நெடுக பாறாங்கல், அலையும் இழுக்குது. கால் நனைச்சாப் போதும். ஊருக்குள்ள தங்கப் பழைய பங்களாவுல நடத்துற ஓட்டல் இருக்கு, வாடகையைக் கேட்டுட்டு நாங்க அந்தப் பக்கம் போகலை. திருக்கடையூர்ல அறுபதாங் கல்யாணத்துக்கு வர்றவங்களுக்குன்னு நிறைய லாட்ஜ் இருக்கு. நாலு பேருக்கு ஒரு ரூம்னு எடுத்துக்கிட்டோம். கழிப்பறைக்குக் கடற்கரையை நம்பிப் போகாதீங்க. வண்டிப் பயணத்துல பெண்களுக்குப் பெரிய கஷ்டமே இதுதான், தண்ணி குடிக்கவே பயப்படுறோம். நாங்க டிரைவர்கிட்ட முன்னாடியே சொல்லி, எங்கெங்கே சுத்தமான இடம் இருக்கோ அங்கே நிறுத்தச் சொன்னோம். ஐப்பசி, கார்த்திகையில போகாதீங்க, மழையும் புயலும் அந்தப் பக்கம்தான் அடிக்கும். தை, மாசி நல்லா இருக்கும். சித்திரையில கோட்டைக்குள்ள நிக்கலாம், வெளியே நிக்க முடியாது.

வேன் வேண்டாம்னா ரயில் இருக்கு. கோயம்புத்தூர்ல இருந்து மயிலாடுதுறை போற ஜனசதாப்தி நம்ம திருப்பூர்ல நிக்கும். காலையில ஏறினா மதியத்துக்கு மேல மாயவரம். அங்கிருந்து பஸ்சுல முப்பது கிலோமீட்டருக்குள்ளதான். வாரத்துல ஒரு நாள் ஓடாது, விசாரிச்சு டிக்கெட் போடுங்க.

இப்ப கணக்கு. பதினாலு பேர், ஆளுக்கு ரெண்டு வருஷம், அதாவது 104 வாரம், வாரம் 20 ரூபாய். ஆளுக்கு 2,080. மொத்தம் 29,120. வண்டி, டிரைவர் பேட்டா, ரூம், சாப்பாடு, டிக்கெட் எல்லாம் சேர்த்து 26,600. ஆளுக்கு 1,900. மிச்சம் 2,520 ரூபாயைக் குழுப் பணத்துல சேர்த்துட்டோம். பில் எல்லாம் தீர்மானப் புத்தகத்துல ஒட்டியிருக்கேன், யார் வேணாலும் பார்க்கலாம்.

உள்கடன் குடுத்திருக்கலாமேன்னு கேட்ட அக்காவுக்கு என் பதில் இதுதான். உள்கடன் நிறுத்தவே இல்லை. இந்த ரெண்டு வருஷத்துல கேட்டவங்களுக்கெல்லாம் குடுத்தோம். இந்த 20 ரூபாய் அதுல இருந்து எடுத்தது இல்லை. எங்க வீட்டுல வாரம் ஒரு நாள் கடை பலகாரம் வாங்கலை, ஒரு அக்கா பூ வாங்கலை, பெரியம்மா வெத்தலையைக் குறைச்சாங்க. நம்ம காசுல நம்மளுக்குன்னு எடுத்து வெச்சது அது ஒண்ணுதான். அது கூட வேண்டாம்னா எனக்கு வருத்தமாத்தான் இருக்கும். சொல்லிட்டேன்.

வீட்டுல விடாத அந்த ரெண்டு பேர்ல ஒருத்தரோட வீட்டுக்காரர், நாங்க வந்த மறுநாள் என்கிட்ட வந்து, "அடுத்த தடவை எப்பங்க?"ன்னு கேட்டுட்டுப் போனார். அடுத்த தையில கூட்டமைப்புல மூணு குழு சேர்ந்து போகலாம்னு பேச்சு. இந்தத் தடவை ரெண்டு ராத்திரி, அதுல ஒரு வேளை மீன் குழம்பு. வர்றவங்க ஊக்குநர்கிட்ட பேர் குடுங்க. நோட்டுப் போட்டாச்சு. முதல் பேரு பெரியம்மாதுதான், நான் எழுதலை, அவங்களே கையெழுத்துப் போட்டுட்டாங்க.